உறங்காப் புளியும் உறங்காக் கண்ணும்

(ஆழ்வார்திருநகரியில் வணிகக் குடும்பத்தினர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர் ஆதிநாதர் கோயிலில் நிற்கும் புளியமரத்தை அறியாதவர் இங்கு எவரும் இரார். நம்மாழ்வார் அம்மரத்தடியில் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. பொழுது சாய்ந்தால் இலைகளைக் கூப்பிக்கொள்வது புளியமரத்தின் இயல்பு. இம்மரமோ இரவிலும் இலை கூப்புவதில்லை என்பர் ஊரார். அதனால் உறங்காப் புளி என்னும் பெயர் வாய்த்தது. அக்கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் இன்று உறங்காத வேறு கண்களும் வந்துவிட்டன. மளிகைக் கடையின் முகப்பில், அடகுக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேல், மருந்துக் கடையின் மூலையில், பாத்திரக் கடையின் மாடிப்படியில் என்று எங்கும் கண்காணிப்புக் கேமராக்கள். இன்றைய பேச்சு அந்தக் கண்களைப் பற்றியது. அவற்றை ஒரே நாளில் வாங்கி மாட்டிவிடலாம். மாட்டியபின் கடைக்குக் காவல் கிடைத்ததா என்பதுதான் பலரும் கேட்டுப் பாராத கேள்வி.

வணிகச் சரக்குக்கு எது காவல் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. இளங்கோவடிகள் புகார் நகரத்து இந்திர விழாவைப் பாடுமிடத்தில் ஐந்து மன்றங்களைச் சொல்கிறார். அவற்றுள் முதலாவது வெள்ளிடை மன்றம். ஊருக்குப் புதியவராக வந்த வணிகர்தம் சரக்குப் பொதிகள் அங்கே திறந்த வெளியில் கிடக்கின்றன. வாயில் இல்லை, தாழ் இல்லை, உடையவரின் காவலும் இல்லை. ஒவ்வொரு பொதியிலும் உரியவரின் பெயரும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எவனாவது ஒரு பொதியைத் திருடித் தூக்கினால், அந்தச் சுமையைக் கழுத்து நோவத் தலையில் ஏற்றி, அவனை அங்கேயே சுற்றிவரச் செய்யுமாம் அம்மன்றம். பொதியைக் கொண்டுபோக விடாதாம். ஆகவே களவை நினைத்த அளவிலேயே நெஞ்சு நடுங்கும் என்கிறது காப்பியம். கதைப் போர்வையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே இரண்டு செய்திகள் உண்டு. பொருளின்மேல் பொய்க்க முடியாத அடையாளம் இருந்தது. எடுத்தவன் யாவரும் காண நிற்பான் என்னும் உறுதி இருந்தது. கேமரா விற்பவர்கள் இன்று விற்க முற்படுவதும் இவ்விரண்டையே.

தாமிரபரணிச் சீமையிலும் பழைய காவல்முறை ஒன்று இருந்தது. தலங்காவல், தேசகாவல் என்று அதற்குப் பெயர். ஊராரிடம் நெல்லாகவும் பணமாகவும் காவற்கூலி பெற்றவர், களவுபோன பொருளைத் துப்பறிந்து மீட்டுத் தரவேண்டும். தவறினால் அதன் மதிப்பைத் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இம்முறை பற்றிய விவரம் உண்டு. காவற்காரரே கொள்ளையருக்குத் துணைபோன கதைகளும் அக்காலத்தில் இருந்தன. ஆதலால் அதைப் பொற்காலம் என்று போற்ற வேண்டியதில்லை. ஆயினும் பொறுப்பு யாருடையது என்பதில் அங்கே ஐயமில்லை. காவலன் தவறினால் காவலனே கொடுப்பான். இன்று சுவரில் மாட்டிய கேமரா தவறினால் அது ஒரு காசும் கொடுக்காது. பொறுப்பு முழுவதும் மாட்டியவர் தலையிலேயே நிற்கிறது.

இக்கருவியின் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், தொலைவில் இருந்த அறையின் காபிக் குடுவை காலியாகிவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே அறிய 1991-இல் ஒரு கேமராவைக் கணினி வலையத்தோடு இணைத்தார்கள். அதாவது, வலையத்தில் ஏறிய அந்த முன்னோடிக் கண் காவல் காத்தது காபியை! 1996-இல் சுவீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் வலையத்தில் நேரே இணையும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய சிசிடிவி கேமரா, தான் கண்டதைக் கம்பி வழியே பதிவுப் பெட்டிக்கு அனுப்புவதோடு சரி. ஐ.பி. கேமரா எனப்படும் வலையக் கேமராவோ தானே ஒரு சிறு கணினி. அதற்குத் தனி முகவரி உண்டு. தனிக் கடவுச்சொல் உண்டு. ஒரே கம்பியில் மின்சாரமும் காட்சியும் செல்ல வழி உண்டு. அந்தக் கம்பி 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது மட்டும் வரம்பு. கடை ஆழ்வார்திருநகரியில், மகன் துபாயில் என்றாலும் கைப்பேசியில் கடையைப் பார்க்கலாம். இந்த வசதியே பின்னர்ச் சொல்லப்போகும் ஆபத்துக்கும் வாயில்.

இனி, கண் இருந்தும் களவு நடந்த இரண்டு நிகழ்ச்சிகள். 2019 அக்டோபர் 2-ஆம் நாள் அதிகாலையில் திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த லலிதா ஜுவல்லரியின் பின்சுவரில் துளையிட்டுத் திருடர்கள் நுழைந்தனர். விலங்கு முகமூடி அணிந்தவர்கள் நகைகளை வாரியதைக் கேமராக்கள் தெளிவாகவே பதிவு செய்தன. தமிழகம் முழுவதும் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டது. கண்டென்ன? முகமூடிக்கு முகம் ஏது? மறுநாள் திருவாரூரில் நடந்த வழக்கமான வாகனச் சோதனையில் ஒருவர் நகையோடு சிக்கினார். நூல் அங்கிருந்துதான் பிரிந்தது. எடுத்த நகை எந்தக் கடையுடையது என்று சொன்னது நகையில் தொங்கிய கடைச் சீட்டு. பெயரும் எண்ணும் பொறித்த புகார்ப் பொதியின் நினைவு இங்கே வராமற் போகாது.

2021 டிசம்பர் 15-இல் வேலூர் தோட்டப்பாளையத்து ஜோயாலுக்காஸ் நகைக்கடையிலும் சுவர்த் துளைதான், முகமூடிதான். அங்கு நுழைந்தவர் கேமராக்களின்மேல் வண்ணத்தைத் தெளித்தே கண்ணைக் குருடாக்கிவிட்டார். ஏறத்தாழ 16 கிலோ நகை போயிற்று. ஒரு வாரத்துக்குள் ஆள் பிடிபட்டார். ஒடுகத்தூர் மயானத்தில் புதைத்திருந்த நகைகளும் மீட்கப்பட்டன. இரண்டு கடைகளிலும் முன்வாயிலில் கண் இருந்தது. திருடர் வந்ததோ பின்சுவர் வழியே. உள்ளே நடப்பதைப் பதிவு செய்ய ஏற்பாடு இருந்தது; நடக்கும்போதே எவரையும் எழுப்பும் ஏற்பாடு பயன்படவில்லை. சுவர் அதிர்ந்தால் ஒலிக்கும் உணரியும், கடையடைத்தபின் உள்ளே அசைவு கண்டால் உரியவரின் கைப்பேசியை அலற வைக்கும் அமைப்பும் கேமராவோடு சேர்ந்தே இருத்தல் வேண்டும். ஒரு கேமராவை மறைத்தால் அதை இன்னொரு கேமரா காணும்படி எதிரெதிரே மாட்டுவதும் பழகிய உத்தி. பின்சுவரை ஒட்டி யாருடைய மனை இருக்கிறது, அது பாழடைந்து கிடக்கிறதா என்பதை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பதற்குக் காசே வேண்டாம்.

முகமூடி இல்லாத திருடரையும் கேமரா பலவேளை கோட்டைவிடுகிறது. காரணம் கணக்கு. ஒருவரை இன்னார் என்று ஐயமின்றி அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 புள்ளிகள் விழவேண்டும் என்பது உலக அளவில் கொள்ளப்படும் அளவுகோல். பரவலாக விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் காட்சி 1920 புள்ளி அகலம் உடையது. வகுத்துப் பார்த்தால் ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் அதனால் முகம் காட்ட இயலாது. அதே கேமராவைத் தெரு முழுவதும் தெரிய வேண்டும் என்று விரித்து வைத்தால், யாரோ வந்தார், யாரோ போனார் என்பது தெரியும். அந்த யாரோ யார் என்பது தெரியாது. கல்லாவுக்கும் வாயிலுக்கும் நெருங்கிய பார்வை உடைய ஒவ்வொரு கேமரா, தெருவுக்கு விரிந்த பார்வை உடைய ஒன்று என்று பணியைப் பிரித்தால் குறைந்த செலவில் நிறைந்த பயன் கிட்டும். கூரை மூலையில் மாட்டினால் உச்சந்தலைதான் விழும். கிழக்கு நோக்கிய கடை வாயிலில் காலை வெயில் முதுகுக்குப் பின்னால் அடிக்க, உள்ளே நுழைபவரின் முகம் கருநிழலாகும். அதைச் சரிசெய்யும் திறன் கேமராவில் உண்டா என்று வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

இரவுப் பார்வைக்கு ஒரு சிறு தொல்லை. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கின் மேல் சிலந்தி வலை பின்னும்; பூச்சிகள் மொய்க்கும். வலையின் ஓரிழை கண்ணாடிக்கு முன்னே காற்றில் ஆடினாலும் இரவெல்லாம் வெள்ளைப் படலம் ஒன்றே பதிவாகும். பூச்சி மருந்து அடிக்கச் சொல்வார்கள். அகிம்சையை வாழ்முறையாகக் கொண்ட குடும்பத்தார் அதற்கு உடன்பட வேண்டியதில்லை. அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளித் தனியே பொருத்திவிட்டால் பூச்சிகள் அங்கே செல்லும். வாரம் இருமுறை மென்மையான துடைப்பம் போதும்.

இதுவரை சொன்னவை கண்ணைப் பற்றியவை. கண்ணைவிடப் பெரியது நினைவு. அதன் அருமையை இந்த மாவட்டம் அறிந்த அளவு வேறு எந்த மாவட்டமும் அறிந்திருக்க முடியாது. இவ்வூரிலிருந்து நாசரேத் வழியே செல்லும் தொலைவில் இருப்பது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 மாலை, ஊரடங்குக் காலத்தில், அங்கே கைப்பேசிக் கடை நடத்திவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்; அவர் மகன் பென்னிக்ஸ் பின்தொடர்ந்து அங்கே சென்றார். கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பின்னர், 22-ஆம் நாள் இரவில் மகனும் 23-ஆம் நாள் காலையில் தந்தையும் உயிர் நீத்தனர். நாடே அறிந்த துயரம் அது. இங்குள்ளவர்களுக்கோ அக்கம்பக்கத்துத் துயரம்.

அந்த வழக்கில் இரண்டு கேமராக்கள் வருகின்றன. காவலர் பதிந்த முதல் தகவல் அறிக்கை, கடைமுன் கூட்டம் கூடி நின்றதாகவும், கலைந்து போகச் சொன்னபோது தந்தையும் மகனும் வசைபாடித் தரையில் உருண்டு காயம் உண்டாக்கிக் கொண்டதாகவும் கூறியது. அண்டையில் இருந்த கடை ஒன்றின் கண்காணிப்புக் கேமரா அம்மாலைப் பொழுதைப் பதிந்து வைத்திருந்தது. அதில் கூட்டமும் இல்லை, தரையில் உருண்டவரும் இல்லை. தன் சரக்குக்குக் காவலாக ஒரு வணிகர் மாட்டிய கருவி, களவு எதையும் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் மேல் சுமத்தப்பட்ட பழியை மறுத்து நின்றது.

மற்றொரு கேமரா காவல் நிலையத்துக்குள் இருந்தது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் அளித்த அறிக்கை அதைப் பற்றிப் பேசுகிறது. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. பல நாள் பதிவைத் தாங்கவல்ல இடம். ஆயினும் நாள்தோறும் பதிவு தானே அழிந்துபோகும்படி அதன் அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் நாள் இரவின் காட்சி அதில் கிடைக்கவில்லை. கண் இருந்தது, கண்டது, மறந்தது. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. காவலர் ஒன்பதின்மர்மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 2-இல், பரம்வீர் சிங் சைனி என்பாரின் வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும், இரவிலும் காணவல்ல கேமராக்களை அமைக்கவும், 18 மாதப் பதிவைக் காக்கும் வசதி செய்யவும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

இளங்கோவடிகள் சொன்ன ஐந்து மன்றங்களில் கடைசியானது பாவை மன்றம். அங்கே ஒரு பாவை நிற்கிறது. அரசன் கோல் கோடினாலும், அறங்கூறும் அவையில் ஒருதலையாகத் தீர்ப்புச் சொன்னாலும், அது நாவால் ஒன்றும் பேசாது. கண்ணீர் வடித்து நிற்கும். வெள்ளிடை மன்றம் வணிகன் பொருளுக்குக் காவல். பாவை மன்றம் குடிமகனுக்குக் காவல். இரண்டையும் ஒரே நகரத்தில் ஒரே காதையில் வைத்தார் அடிகள். சாத்தான்குளத்துக் கடைத்தெருவில் இரண்டும் ஒரே கேமராவாக நின்றன. கடைக்காரர் தம் பதிவை ஒரே நாளில் அழியும்படி வைத்திருந்தால் அந்தப் பாவைக்கும் கண்ணீர் இருந்திராது.

ஆகவே கேமரா வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது எத்தனை நாள் நினைவு என்பதை. கணக்கு கடினமன்று. நல்ல சுருக்கமுறையில் பதியும் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் அனுப்புகிறது என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிகாபைட் ஆகும். நான்கு கேமராவுக்கு 87 ஜிகாபைட் வரை. 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் 23 நாள் தாங்கும். 4 டெராபைட் 46 நாள். அதற்குமேல் பழையது அழிந்து புதியது எழுதப்படும். மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுக்கும்போதுதான் சரக்குக் குறைவு தெரியவரும் கடைகள் பல. அவற்றுக்கு 15 நாள் நினைவு வைத்துப் பயனில்லை. அசைவு கண்டால் மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் நீளும் என்பதும் உண்மையே. கல்லாவுக்கும் வாயிலுக்கும் தொடர்ந்து பதிவதே நன்று.

நினைவு இருக்கும் இடமும் முக்கியம். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே எல்லாரும் காண வைத்திருப்பவர் பலர். விவரம் அறிந்த திருடன் நகையோடு அப்பெட்டியையும் தூக்கிச் செல்வான். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் திருடனே வரவில்லை, தாமிரபரணி வந்தாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. ஆழ்வார்திருநகரியிலும் தண்ணீர் புகுந்ததை நேரிற் கண்டவர்கள் இவ்வவையிலேயே இருக்கிறார்கள். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன அந்நாட்களில் தரைமட்டத்தில் இருந்த எந்தப் பெட்டியும் பிழைத்திருக்க வழியில்லை. பூட்டிய சிறு அலமாரியில், வெள்ளம் எட்டா உயரத்தில், கூடுமானால் மாடியில் பெட்டியை வைத்து, வாயிற் கேமராவின் பதிவு ஒன்றையேனும் இணையம் வழியே வேறிடத்திலும் சேமித்தால் திருடனுக்கும் ஆற்றுக்கும் ஒருசேர விடை சொன்னதாகும். மின்வெட்டுக்கு, கேமராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வேண்டும். கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுவது எங்கும் காணும் பிழை.

பதிவு இருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்க ஒரு முறை உண்டு. முன்னர் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. பதிவுப் பெட்டியிலிருந்து நகல் எடுத்துக் கொடுப்பவர், எந்தக் கருவி, எப்போது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் தரவேண்டும். இப்போதைய படிவம் இரு பகுதி உடையது: ஒன்று உரியவர் தருவது, மற்றொன்று வல்லுநர் தருவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் கணிப்பு எண் அது. கோப்பின் விரல்ரேகை என்று கொள்ளலாம். பொதியின்மேல் பொறித்த எண் இங்கே பதிவின்மேல் வந்து அமர்கிறது. களவு நடந்த அன்று பதற்றத்தில், திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டு மூலத்தைக் காவாமல் விடுவோர் உண்டு. வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கும். சுருங்கிய நகலின் விரல்ரேகை மூலத்தின் விரல்ரேகை ஆகாது. பெட்டியின் கடிகாரமும் ஒரு சாட்சியே. அது இருபது நிமிடம் பிந்தி ஓடினால், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

மேலே சொன்ன ஆபத்துக்கு வருவோம். துபாயிலிருந்து மகன் பார்க்கக்கூடிய கடையை, கடவுச்சொல் தெரிந்தால் எவரும் பார்க்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் வசப்படுத்திய மிராய் என்னும் தீநிரல், 2016 அக்டோபர் 21-இல் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கியது. அத்தாக்குதலில் பங்குகொண்ட கருவிகளின் உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது. அதைவிட நெஞ்சைச் சுடுவது 2025-இல் வெளிவந்த செய்தி. குஜராத்தின் ராஜ்கோட் நகரத்து மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் அறைக் கேமராவின் காட்சிகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. பொருளைக் காக்க என்று மாட்டிய கண், காக்க வேண்டியவர்களையே சந்தையில் நிறுத்தியது. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்று மாட்டிய நாளிலேயே ஒருவர் கேட்டிருக்கலாகாதா?

ஆகவே நிறுவ வந்தவர் புறப்படுமுன் கடவுச்சொல்லை உரிமையாளர் தம் கையாலேயே மாற்றவேண்டும். கருவிக்கு ஒன்று, ரூட்டருக்கு வேறொன்று. கடைப் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. கடையை விட்டு விலகிய பணியாளரின் கைப்பேசியிலிருந்து அந்தச் செயலியின் உரிமையை அன்றே நீக்கவேண்டும். வாடிக்கையாளர் பயன்படுத்தும் வைஃபையில் கேமராவைச் சேர்த்தல் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களையே நாட்டில் விற்கலாம் என்று இந்திய அரசு 2025 ஏப்ரல் முதல் விதித்திருக்கிறது. வாங்கும்போது அச்சான்று கேட்பது உரிமை. விலை மலிவு என்று பெயரற்ற கருவியை வாங்குவது, அறியாதவரை இரவுக் காவலுக்கு அமர்த்திச் சாவியையும் கொடுப்பதை ஒக்கும்.

துணிக்கடையில் உடைமாற்றும் அறையின் பக்கமே கேமரா திரும்பலாகாது. அது சட்டப்படி குற்றம். பாரதிய நியாய சன்கிதாவின் 77-ஆம் பிரிவு தண்டிக்கும். பணியாளர் உண்ணும் இடத்தையும் ஓய்வறையையும் விட்டுவிட வேண்டும். கடையில் கேமரா இருக்கிறது என்பதை வாயிலிலும் உள்ளேயும் எழுதிவைப்பது மரியாதை. திருட எண்ணி வருபவருக்கு அதுவே முதல் தடை. ஒரு பணியாளர்மேல் ஐயம் எழுந்தால், காட்சியை அவரையும் அருகில் இருத்திக்கொண்டு முழுதும் பார்க்கவேண்டும். ஐந்து நொடித் துண்டு எவரையும் திருடராகக் காட்டும். அதற்கு முந்திய ஐந்து நிமிடம், முதலாளியே எடுத்து வைக்கச் சொன்ன பொருள் அது என்று காட்டக்கூடும்.

சென்னை மாநகரக் காவல் ஆணையராக ஏ.கே.விசுவநாதன் இருந்த காலத்தில் மூன்றாவது கண் என்னும் பெயரில் வணிகர்களைத் தெருவை நோக்கிக் கேமரா வைக்க ஊக்குவித்தார்கள். கடைக்குள் மூன்று, தெருவுக்கு ஒன்று என்று வைப்பதால் அண்டைக் கடைக்கும், அவ்வழி நடக்கும் பெண்களுக்கும், விபத்தில் சிக்கியவர்க்கும் சாட்சி கிடைக்கிறது. சாத்தான்குளத்துக் கடைக்காரரும் எதையும் எதிர்பார்த்து அதை மாட்டியிருக்க மாட்டார். ஆழ்வார்திருநகரிக் கடைத்தெருவில் கடைக்காரர் நால்வர் சேர்ந்து, எந்தக் கேமரா எந்தத் திசையைப் பார்ப்பது என்று ஒரு தாளில் வரைந்து பிரித்துக்கொண்டால், தேரோடும் வீதியில் நிழலில்லா மூலை ஒன்றும் மிஞ்சாது.

இந்த அவை கலைந்தபின் கடைக்குத் திரும்புவோர் இன்றிரவே ஒன்று செய்து பார்க்கலாம். பதிவுப் பெட்டியைத் திறந்து, கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, இருபது நாளைக்கு முந்திய ஒரு நாளின் காலை பத்து மணிக் காட்சியைக் கேட்டுப் பாருங்கள். காட்சி வருகிறதா, வந்தால் கல்லாவுக்கு முன் நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நிறுவியவரை நாளைக் காலையே அழைக்கலாம்.